கேமிங் பிசிக்குப் பாகங்கள் தேர்வு: எது எதோடு சேரும், எது சேராது

ஒரு பிராசஸருக்கும் இன்னொன்றுக்கும் எத்தனை எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம்) வித்தியாசம் என்று ராத்திரி பகலாக வீடியோ பார்ப்பவர்கள்கூட, அந்தப் பிராசஸர் தாங்கள் மனசில் வைத்திருக்கும் மதர்போர்டில் உட்காருமா என்பதை ஆர்டர் போட்ட பிறகுதான் யோசிக்கிறார்கள். வேகம் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. முதலில் எல்லாம் ஒன்றோடொன்று சேர வேண்டும்.

சேராமல் போவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, மாட்டவே மாட்டாது. சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) வேறு, கார்டு கேபினெட்டை விட நீளம், இப்படி. அது எரிச்சல்தான், ஆனால் உடனே தெரிந்துவிடும், திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, எல்லாம் மாட்டும், ஆன் ஆகும், கேமும் ஓடும், ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கு எங்கேயோ காணாமல் போயிருக்கும், நீங்கள் அது தெரியாமலே மூன்று வருடம் ஓட்டிவிடுவீர்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மோசம். இந்த வழிகாட்டியில் இரண்டையும் பார்ப்போம், ஆனால் அந்தச் சத்தமில்லாத ரகத்துக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

படி 1: மானிட்டரில் தொடங்குங்கள்

பலர் பிராசஸரில் தொடங்குவார்கள். நான் மானிட்டரில் தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் எத்தனை பிக்சலை விநாடிக்கு எத்தனை முறை வரைய வேண்டும் என்பதுதான் கிராபிக்ஸ் கார்டைத் தீர்மானிக்கிறது, அந்தக் கார்டுதான் பவர் சப்ளையையும் கேபினெட்டையும் தீர்மானிக்கிறது. 1080பி திரையில் சுமார் 20 லட்சம் பிக்சல், 1440பி என்றால் 37 லட்சம், 4கே என்றால் 83 லட்சம். 4கே-க்குப் போனால் கார்டின் வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது, பிராசஸரின் வேலை அப்படிக் கூடுவதில்லை. அதனால் 4கே-யில் கதை கேம்கள் விளையாடுபவர் கார்டில் பணத்தைப் போடலாம், பிராசஸர் நடுத்தரமாக இருந்தால் போதும். 1080பி-யில் 240 ஹெர்ட்ஸில் ஷூட்டர் விளையாடுபவருக்கு இது அப்படியே தலைகீழ்.

படி 2: கிராபிக்ஸ் கார்டு, அதன் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டியவை

கார்டைத் தேர்வு செய்ததும் தயாரிப்பாளரின் பக்கத்துக்குப் போய் நீளம், தடிமன், உயரம், வாட், எந்த பவர் கனெக்டர் என்று குறித்து வையுங்கள். ஒரே ஆர்டிஎக்ஸ் 5070 தான், ஆனால் ஒரு நிறுவனம் இரண்டு ஃபேனோடு குட்டையாகச் செய்யும், இன்னொன்று மூன்று ஃபேனோடு 30 செ.மீ. தாண்டிச் செய்யும். சிப்பின் பெயரை வைத்து அளவை ஊகிக்காதீர்கள், நீங்கள் வாங்கப் போகும் அந்த மாடலின் அளவைப் பாருங்கள்.

அடுத்தது பிசிஐஇ லேன், அதாவது கார்டும் பிராசஸரும் தரவு பரிமாறிக்கொள்ளும் பாதைகள்; 3.0, 4.0 என்பது அதன் தலைமுறை. சத்தமில்லாத ரகத்தில் இதுதான் முதல் ஆள். கார்டின் கனெக்டர் பார்க்க முழு நீளமாக 16 லேன் மாதிரியே இருக்கும், ஆனால் ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 போன்றவை உள்ளே 8 லேன்தான் பயன்படுத்துகின்றன. பிசிஐஇ 4.0 போர்டில் 8 லேன் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி போகும், பிரச்சனையே இல்லை. அதே கார்டை பி450 மாதிரியான பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் அது பாதியாகிவிடும். கார்டின் சொந்த மெமரி நிரம்பாத வரை பெரிதாகத் தெரியாது; 8 ஜிபி நிரம்பி வழிந்து, டெக்ஸ்சர்களை ராமிலிருந்து இழுக்க ஆரம்பிக்கும்போதுதான் கேம் திக்கித் திணறும். 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னும் ஒரு படி கீழே, வெறும் 4 லேன், 4 ஜிபி மெமரி. பழைய போர்டுக்கு மலிவான கார்டு தேடுபவர்தான் இதை அதிகம் வாங்குவார், அவருக்குத்தான் இது அதிகம் அடி கொடுக்கும்.

பழைய பிசியில் இன்டெல் ஆர்க் கார்டு போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்க் பி580 நல்ல கார்டுதான், 12 ஜிபி மெமரி இருக்கிறது, ஆனால் போர்டில், கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி ஆன் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் வேகம் நன்றாகவே விழும். உங்கள் போர்டின் பயாஸில் (போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அந்த ஆப்ஷன் இல்லையென்றால் வேறு கார்டு பாருங்கள்.

படி 3: பிராசஸரும் சாக்கெட்டும்

சாக்கெட் பொருந்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏஎம்டி-யில் ஏஎம்4 என்பது ரைசன் 5000 வரையிலான வரிசைகளுக்கு, டிடிஆர்4 வகை ராம் மட்டும். 2022-ல் வந்த ஏஎம்5 ரைசன் 7000, 8000, 9000 வரிசைகளுக்கு, டிடிஆர்5 மட்டும். இன்டெல்லில் எல்ஜிஏ1700 என்பது 12, 13, 14-ஆம் தலைமுறைக்கு; இதில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. 2024-ல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851, டிடிஆர்5 மட்டும்.

சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தாலே போதும் என்று நம்பிவிடாதீர்கள். இன்டெல்லின் எல்ஜிஏ1151-ல் 6, 7-ஆம் தலைமுறைப் போர்டில் 8-ஆம் தலைமுறை பிராசஸர் உட்காரும், ஆனால் பூட் ஆகாது. பழைய பொருள் வாங்குகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சாக்கெட்டைப் பார்த்த கையோடு போர்டுத் தயாரிப்பாளரின் தளத்தில் சிபியு சப்போர்ட் பட்டியலைத் திறந்து, உங்கள் பிராசஸரின் பெயர் இருக்கிறதா, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று பாருங்கள்.

பெயரின் கடைசி எழுத்தையும் விடாதீர்கள். இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, ஏஎம்டி 7500எஃப்-உம் அப்படித்தான். கார்டு வைத்திருப்பவருக்கு இதனால் நஷ்டமில்லை, விலையும் குறையும், ஆனால் கார்டு கெட்டுப்போய் சர்வீஸுக்குப் போனால் பிசி முழுவதும் படுத்துவிடும். ஜி என்று முடியும் ஏஎம்டி பிராசஸர்கள் வேறு கதை. 5600ஜி-யை பிசிஐஇ 4.0 உள்ள பி550 போர்டில் போட்டாலும் கார்டுக்குக் கிடைப்பது பிசிஐஇ 3.0 தான். ஏஎம்5-ல் 8600ஜி கார்டுக்கு 8 லேன்தான் தரும், 8500ஜி 4 லேன் மட்டும். ‘இப்போதைக்கு உள்கிராபிக்ஸில் ஓட்டுகிறேன், பிறகு நல்ல கார்டு போடுகிறேன்’ என்று திட்டமிடுகிறவர்தான் ஜி வாங்குவார். அந்தப் பிறகு வரும்போதுதான் இடிக்கும். அதற்குச் சாதாரண ரைசன் 7600 எவ்வளவோ மேல். கேம் ஓட்டும் அளவுக்கு இல்லாவிட்டாலும், படம் காட்டும் அளவுக்கு அதிலும் உள்கிராபிக்ஸ் இருக்கிறது.

புதிதாகக் கட்டுகிறவர் எந்தச் சாக்கெட்டை எடுப்பது? ஏஎம்5-க்கு 2027-ஐத் தாண்டியும் ஆதரவு இருக்கும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. எல்ஜிஏ1700-க்கு 14-ஆம் தலைமுறைக்கு மேல் புதிய கேமிங் பிராசஸர் வரிசை வரவில்லை. நாளைக்குப் பிராசஸரை மட்டும் மாற்ற ஆசை இருந்தால் விடை தெளிவு. 13, 14-ஆம் தலைமுறை இன்டெல்லின் பெரிய பிராசஸர்களைப் பழசாக வாங்குகிறீர்கள் என்றால், அவற்றில் அதிக வோல்டேஜால் நிலைகுலையும் பிரச்சனை இருந்தது, 2024 ஆகஸ்டிலிருந்து அதற்கான மைக்ரோகோட் (சிப்பின் உள் நிரல்) திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வந்தது. அப்டேட் ஏற்கெனவே கெட்டுவிட்ட சிப்பைச் சரிசெய்யாது. இதற்காக வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தார்கள், அது பாக்கி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

படி 4: மதர்போர்டு

சிப்செட் (போர்டு என்னென்ன வசதி தரும் என்பதைத் தீர்மானிக்கும் சிப்) விஷயத்தில் கேமிங்குக்கு பெரும்பாலும் பி வரிசையே போதும்: ஏஎம்டி-யில் பி650 அல்லது பி850, இன்டெல்லில் பி760. ஏஎம்டி பி-யில் பிராசஸரை ஓவர்கிளாக் செய்யலாம் (குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டலாம்), ஏ620-ல் முடியாது. இன்டெல்லில் அதற்கு இசட் வரிசை வேண்டும். பி760-ல் ராம் வேகத்தை மட்டும் ஏற்றலாம், எச்610-ல் அதுவும் கிடையாது. ஓவர்கிளாக்குக்கென்றே வரும், கே என்று முடியும் பிராசஸரை எச்610-ல் போட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், இரண்டு பக்கமும் காசு வீண்.

புதிய பிராசஸர், கொஞ்சம் பழைய போர்டு என்ற ஜோடியில் பயாஸ் சிக்கல் வரும். பி650 போர்டு ரைசன் 9000-ஐ ஏற்கும், ஆனால் அலமாரியில் ரொம்ப நாள் கிடந்த பெட்டி என்றால் உள்ளே பழைய பயாஸ் இருக்கலாம், திரையில் ஒன்றும் வராது. போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் கவலை இல்லை, பென்டிரைவும் பவர் சப்ளையும் இருந்தால் பிராசஸரே இல்லாமல் அப்டேட் செய்துவிடலாம். ஒரே விலையில் இரண்டு போர்டு இருந்தால் இந்தப் பட்டன் இருப்பதை எடுங்கள், பளபளக்கும் விளக்குகளை விட இது உதவும்.

அப்புறம், போர்டின் மேனுவலை வாங்குவதற்கு முன்பே இறக்கிப் படியுங்கள். முழுவதும் வேண்டாம், எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட்டுகள் பற்றிய பக்கம் மட்டும். அங்கே அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ‘இந்த ஸ்லாட்டில் எஸ்எஸ்டி இருந்தால் சாட்டா 5, 6 வேலை செய்யாது’ என்பது போல ஒரு வரி இருக்கும் (சாட்டா என்பது பழைய வகை டிரைவ்களின் கேபிள் மாட்டும் துளை). சில போர்டுகளில் அதைவிட மோசம், ஒரு குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் கிராபிக்ஸ் ஸ்லாட் 16 லேனிலிருந்து 8-ஆகக் குறைந்துவிடும். இது எந்த விளம்பரத்திலும் இருக்காது, மேனுவலில் மட்டும்தான் இருக்கும்.

படி 5: ராம்

டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், அதனால் மாற்றி மாட்ட முடியாது. அழுத்தி மாட்டப் பார்க்காதீர்கள்.

ஏஎம்5-க்கு 6000 வேகம், சிஎல்30 (சிஎல் என்பது ராமின் தாமத அளவு) என்ற கிட் பலரும் எடுப்பது, அதற்கு மேல் போய்ப் பெரிய லாபம் இல்லை. 16 ஜிபி இரண்டு, மொத்தம் 32. இப்போது இரண்டு வாங்கிப் பிறகு இரண்டு சேர்க்கலாம் என்ற பழைய பழக்கத்தை டிடிஆர்5-ல் விட்டுவிடுங்கள். ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு ஸ்டிக் போட்டால் 3600 மட்டும். நடைமுறையில் அதைவிட வேகமாக ஓட வைக்கலாம் என்றாலும் 6000-ஐ நான்கு ஸ்டிக்கில் எதிர்பார்க்க வேண்டாம். 64 வேண்டும் என்றால் 32 இரண்டாக, ஒரே பெட்டியில் வந்ததாக வாங்குங்கள். தனித்தனியாக வாங்கிய இரண்டு கிட், மாடல் எண் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம்.

இரண்டு ஸ்டிக்கையும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் போட்டாலும் பல போர்டுகளில் பிசி ஓடும், ஆனால் ஒரே சேனலில், அதாவது இரண்டு பாதையில் போக வேண்டிய தரவு ஒரே பாதையில்.

படி 6: எஸ்எஸ்டி

இதில் குழப்பம் குறைவு. எம்.2 2280 அளவு, என்விஎம்இ வகை, பிசிஐஇ 4.0, முடிந்தது. 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். எம்.2 வடிவத்திலேயே சாட்டா வகையும் இருக்கிறது, விநாடிக்கு 550 எம்பி-யோடு நின்றுவிடும், நல்ல 4.0 என்விஎம்இ 7000-ஐத் தொடும். புதிய போர்டுகளின் எம்.2 ஸ்லாட்டுகள் பலவும் சாட்டா வகையை அடையாளமே காணாது.

படி 7: கூலர்

பிராசஸர் பெட்டியில் போட்டிருக்கும் டிடிபி (வெப்ப அளவு) வாட்டை மட்டும் நம்பிக் கூலர் எடுக்காதீர்கள். ஏஎம்5-ல் 65 வாட் என்றால் உண்மையில் 88 வரை போகும், 105 என்றால் 142, 170 என்றால் 230. இன்டெல் ஐ9-14900கே-யின் அடிப்படை எண் 125, உச்சம் 253.

மாட்டும் துளைகளும் முக்கியம். ஏஎம்4 கூலர்களில் பல ஏஎம்5-க்கும் பொருந்தும், ஆனால் ஏஎம்5-ல் போர்டின் பின்தகட்டைக் கழற்ற முடியாது, அதனால் தன் சொந்தப் பின்தகட்டோடு வரும் பழைய கூலர் உட்காராது. எல்ஜிஏ1700-ல் துளைகளுக்கு இடையே 78 மி.மீ., அதற்கு முந்தைய சாக்கெட்டில் 75. மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் புது பிராக்கெட் இல்லாமல் முடியாது. எல்ஜிஏ1851-க்கு 1700-இன் பிராக்கெட்டே சரி.

உயரம் விஷயத்தில் நோக்டுவா என்எச்-டி15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 165 மி.மீ., முன்பக்க ஃபேனுக்குக் கீழே ராமுக்கு 32 மி.மீ. இடம். நீங்கள் எடுத்த ஆர்ஜிபி (வண்ண விளக்குள்ள) ராம் 44 மி.மீ. என்றால் ஃபேனை 12 மி.மீ. மேலே தூக்கி மாட்ட வேண்டும், கூலரின் மொத்த உயரம் 177 ஆகிவிடும். 170 மி.மீ. தாங்கும் கேபினெட்டில் கூலர் நுழையும், கண்ணாடிக் கதவு மூடாது. அதாவது ராம் வாங்கும்போதே கேபினெட்டைப் பற்றி முடிவு எடுத்துவிடுகிறீர்கள். இங்கே மட்டும் ராமில் விளக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது, விளக்கில்லாத ராம்கள் பெரும்பாலும் குட்டை.

படி 8: கேபினெட்

போர்டு அளவு முதலில்: ஏடிஎக்ஸ் 305க்கு 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. பெரிய கேபினெட்டில் சின்ன போர்டு உட்காரும், அதன் தலைகீழ் நடக்காது.

கார்டுக்கு 360 மி.மீ. இடம் என்று கேபினெட் பக்கத்தில் போட்டிருந்தால் அது முன்பக்கம் காலியாக இருக்கும்போதா, ஃபேனோடா என்று பாருங்கள். முன்னால் லிக்விட் கூலரின் ரேடியேட்டர் வைத்தால் பொதுவாக ரேடியேட்டர் 27, ஃபேன் 25, மொத்தம் 52 மி.மீ. போய்விடும். மீதி 308. உங்கள் கார்டு 330 என்றால் ரேடியேட்டரை மேலே மாற்ற வேண்டும். மேலே மாற்றினால் அங்கே உயரமான ராமும் போர்டின் ஹீட்சிங்கும் இடிக்குமா என்று மறுபடியும் பார்க்க வேண்டும்.

படி 9: பவர் சப்ளை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரைசன் 5 7600 உச்சத்தில் 88 வாட், ஆர்டிஎக்ஸ் 5070 250 வாட், போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 70. கூட்டினால் 408. இதற்கு என்விடியா சொல்வது 650 வாட். ஏன் இவ்வளவு இடைவெளி என்றால், கார்டு ஒரு கண நேரத்துக்குத் தன் அளவை விட ரொம்ப அதிகமாக இழுக்கும், பலவீனமான பவர் சப்ளை அந்த இடத்தில் அணைந்துவிடும். 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி செய்தவை இந்த மாதிரித் திடீர் இழுப்பைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. மேலே சொன்ன பிசிக்கு நான் 750 எடுப்பேன், அடுத்த கார்டுக்கும் உதவும். 1000 தேவையில்லை.

80 பிளஸ் கோல்டு என்ற முத்திரை மின்சாரம் வீணாகாத அளவைச் சொல்கிறது, தரத்தை முழுதாகச் சொல்லாது. உள்ளே என்ன பாதுகாப்பு இருக்கிறது, யாராவது பிரித்துச் சோதித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேபிள்: பிசிஐஇ ஸ்லாட் 75 வாட் தரும், 8 பின் கனெக்டர் ஒன்று 150 தரும். புதிய 16 பின் கனெக்டர் ஒன்றே 600 வரை தாங்கும், ஆனால் முழுதாக உள்ளே போகாவிட்டால் சூடேறி உருகும், 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது இதுதான் பெரிய பேச்சு. அதனால் கார்டின் முனையிலிருந்து முதல் 3 செ.மீ. கேபிளை வளைக்காமல் விடுங்கள். கார்டின் மேல்விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே அந்த இடம் இருக்கிறதா? படி 2-ல் உயரத்தையும் குறிக்கச் சொன்னது இதற்குத்தான்.

பழைய பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டக்கூடிய) கேபிளைப் புதியதில் ஒருபோதும் மாட்டாதீர்கள். சாக்கெட் வடிவம் ஒன்றாக இருக்கும், பின் வரிசை வேறாக இருக்கும், ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். ஆன் செய்த நொடியில் டிரைவ்கள் போய்விடும். கேபிள் தொலைந்துவிட்டால் அந்த மாடலுக்கான கேபிளையே தேடி வாங்குங்கள்.

படி 10: ஆன் செய்த பிறகு

எல்லாம் மாட்டி ஏஎம்5 பிசியை முதல்முறை ஆன் செய்தால் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். ராமைப் பழக்கிக்கொள்கிறது, பயந்துபோய் பவரை அணைக்காதீர்கள். மானிட்டர் கேபிள் போர்டில் அல்ல, கார்டில் இருக்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள். உள்கிராபிக்ஸ் உள்ள பிராசஸர் என்றால் தப்பான துளையிலும் படம் வரும்.

அடுத்து பயாஸுக்குள் போய் ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் ஆப்ஷனை, ஏஎம்டி என்றால் எக்ஸ்போ, இன்டெல் என்றால் எக்ஸ்எம்பி ஆன் செய்யுங்கள். இது தானாக ஆன் ஆகாது, 6000 என்று வாங்கிய ராம் 4800-லேயே ஓடிக்கொண்டிருக்கும். ரீசைசபிள் பார், டிபிஎம் 2.0, செக்யூர் பூட் மூன்றையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள், கடைசி இரண்டும் பாதுகாப்பு வசதிகள், விண்டோஸ் 11-க்கும் சில கேம்களின் ஆன்டி-சீட்டுக்கும் (ஏமாற்றுத் தடுப்பு) தேவைப்படும். விண்டோஸ் வந்ததும் டிஸ்பிளே செட்டிங்ஸில் ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று பாருங்கள், 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-ல் கிடப்பது ரொம்பச் சகஜம்.

கடைசியாக லேன். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் கார்டு எத்தனை லேனில், எந்தத் தலைமுறையில் ஓடுகிறது என்று காட்டும். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தலைமுறையைக் கீழே இறக்கி 1.1 என்றுகூடக் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பக்கத்திலிருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்டை ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் 16 லேன் கார்டு 8 என்று காட்டினால் கார்டைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டிப் பாருங்கள், அதிலும் மாறவில்லை என்றால் எம்.2 பக்கத்தின் பொடி எழுத்தைத் திரும்ப எடுத்து, எஸ்எஸ்டியை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள்.